வாவியில் வந்திறங்கிய இக்போ மணமகள்

1

போன சனிக்கிழமை இங்கே தெற்கு லண்டனில், ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் ஒரு படம் காட்டினார்கள். நாற்பது நிமிசப் படம். பேச்சு முழுக்க இக்போ மொழி. நைஜீரியாவின் கிழக்குப் பக்கத்துச் சனங்கள் பேசுகிற மொழி அது. ஒரு மணப்பெண் தோணியில் ஏரியைக் கடந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திறங்குகிறாள், அவளை அந்த வீடு வரவேற்கிறது, அவ்வளவுதான் கதை. படத்தில் வருகிற ஏரி எங்கட மட்டக்களப்பு வாவி. மாப்பிள்ளை வீடாக வருவது களுவாஞ்சிக்குடியில் இருக்கிற என் அக்கா வீடு.

ஞாயிறு விடிய நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, தரணியிட லப்டொப்பில படம் பார்த்தன்." தரணி அவவின் மகள்.

"எப்படி அக்கா?"

"என்ட வீடு வருது. என்ட வளவு வருது. நான் தண்ணி ஊத்தி வளர்த்த கத்தரிக்காய் வருது. கிணத்தடியில படுத்திருக்கிற சொறிநாய் கூட வருது. நான் மட்டும் ஏன் வரேல்ல?"

வேலைக்குப் போகிறேன், முடிந்ததும் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பஸ் ஓட்டுகிறவன். அன்று முழுக்க ஒவ்வொரு தரிப்பிலும் கதவு திறந்து மூடுகிற சத்தத்தில் எனக்கு அக்காவின் கேள்விதான் கேட்டது. அன்றும் அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் இடைவேளைகளில் டிப்போவின் சாப்பாட்டு அறையில் இருந்து எழுதினது இது. கொஞ்சம் ஏச்சாகத்தான் இருக்கும். எங்கட ஊரில் கொம்பு விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று, அம்மனுக்கு முன்னாலேயே ஆளையாள் வசை பாடி வளர்ந்தவன் நான். ஏச்சு எனக்குக் கோயிலில் பழகினது. கோபிக்க வேண்டாம்.

2

படம் எடுத்தவர் பெயர் ஒபின்னா. என்னோடு அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர். சாப்பாட்டு அறைக்குச் சொந்தமாக மிளகாய்த்தூள் போத்தல் கொண்டுவருகிறவர்கள் நானும் அவரும்தான். முதலில் போத்தல்கள் பழகின, பிறகு நாங்கள் பழகினோம். அவர் இங்கிலிசில் சொன்னதையெல்லாம் நான் என் தமிழில்தான் எழுதப் போகிறேன். அவர் களுவாஞ்சிக்குடியான் மாதிரிக் கதைக்கிறாரே என்று நீங்கள் யோசித்தால், அது என் வாய்.

லீவு நாட்களில் ஒபின்னா படம் எடுப்பார். படம் என்றதும் லொறி, குடை, மடக்குக் கதிரை என்று கற்பனை செய்ய வேண்டாம். கமரா இரண்டாங்கை. அதை உருட்டுவதற்கு ஒரு பழைய சக்கர நாற்காலி. அவர் கமராவோடு அதில் இருப்பார், யாராவது தள்ள வேண்டும். மைக்கை வீடு கூட்டுகிற தும்புத்தடியில் கட்டியிருப்பார். வெளிச்சம் திருப்ப, காரின் முன்கண்ணாடிக்கு வெயில் மறைக்கிற வெள்ளி மட்டை. உடுப்பெல்லாம் அவர் ஊர் மாமிமாரின் பெட்டிகளில் இருந்து வரும். நடிகர்கள் தாதிமார், காவலாளிகள், ஒரு பல் டொக்டர். சத்தம் விழக்கூடாது என்று ஒருமுறை என் வீட்டு பிரிட்ஜை நிறுத்திவிட்டுப் பிறகு போட மறந்து, என் மனைவி வைத்திருந்த இறால் கறி முழுக்க நாறிப் போனது. அவள் இன்றைக்கும் அந்தப் படத்தை இறால் படம் என்றுதான் சொல்லுவாள்.

இந்த மனிதன் ஏன் இப்படி மாய்கிறார் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன கதை இது. ஒரு காலத்தில் ஆபிரிக்காவைப் பற்றி ஒரு பெரிய கம்பனி எடுத்த படத்தில் அவர் விளக்குப் பிடித்தவர். இக்போ ஆட்களின் வீட்டுக்கு யாரும் வந்தால், பேச்சுத் தொடங்க முதல் வீட்டுக்காரர் ஒரு தட்டில் கோலாக் கொட்டை கொண்டுவந்து நீட்ட வேண்டும். இருக்கிறவர்களில் மூத்த ஆண் அதைப் பிடித்துக் கடவுளையும் முன்னோரையும் மன்றாடுவார். இக்போ மொழியில் மட்டும். பிறகு உடைத்து எல்லாருக்கும் பங்கு. அந்தக் கொட்டையில் பல பருப்பு இருக்க வேண்டும். இரண்டே பருப்பு உள்ள ஒரு வகை உண்டு, கடையில் மலிவாகக் கிடைக்கும், அதை மன்றாட்டுக்கு வைக்க மாட்டார்கள். பெரிய கம்பனிக்காரன் அதைத்தான் வாங்கி வைத்திருந்தான். ஒபின்னா சொல்லிப் பார்த்தாராம்.

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்றானாம் அவன்.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லி விளக்கை வைத்துவிட்டு வந்தவர்தான். அன்றிலிருந்து தன் சனத்தின் வழமையைத் தானே எடுக்கிறார்.

எங்களிடமும் பண்பாட்டைக் காப்பாற்ற ஒரு சங்கம் இருக்கிறது, குறை சொல்லக்கூடாது. வருசம் ஒருமுறை மண்டபம் எடுப்பார்கள். கண்ணகியின் சிலம்பு தங்கத்தாள் ஒட்டின பிளாஸ்டிக் வளையமாக வரும். ஆறு பேர் பேசுவார்கள், ஆறு பேருக்கும் பொன்னாடை. பிறகு பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆட, பெரியவர்கள் கொத்துரொட்டி வரிசைக்கு ஓட, பண்பாடு காப்பாற்றப்பட்டுவிடும். ஒபின்னாவின் ஒத்திகைக்கு அந்த மண்டபத்தை இரண்டு மணித்தியாலம் கேட்டுப் பார்த்தேன். செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"அவங்கள் வந்து போனா மணம் போகாது தம்பி. நாளைக்கு எங்கட பிள்ளைகள் ஆடுற இடம்."

சொல்லிக்கொண்டிருந்தவரின் கையில் கருவாட்டுப் பொரியல் இருந்தது.

3

இந்த மணமகள் படத்துக்கு, கலைக்குப் பணம் தருகிற ஓர் அலுவலகத்துக்கு ஒபின்னா எழுதிப் போட்டார். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரி, சிரித்த முகம். கதையை வாசித்துவிட்டுக் கேட்டா:

"இதில சண்டை இல்லையே? பசி இல்லையே? இந்தப் பெண் இந்தக் கலியாணத்தில இருந்து தப்பி ஓட மாட்டாளா?"

"அவளுக்கு அந்தப் பொடியனப் பிடிச்சிருக்கு," என்றார் ஒபின்னா.

அம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. இருந்தாலும் கொஞ்சம் தருவதாக எழுதினா. ஒரு நிபந்தனை. நைஜீரியாவில் எடுத்தால் காப்புறுதி கிடையாது, ஆபத்தான இடம். ஒபின்னா எடுக்க நினைத்தது தன் தாயின் ஊரான ஓகுட்டா ஏரியில். அந்த ஏரி இல்லாமல் அந்தக் கலியாணம் இல்லை. மூன்று கிழமை அவர் தன் மிளகாய்த்தூள் போத்தலைத் திறக்கவில்லை.

நான்தான் வாயைக் கொடுத்தேன். எங்கட வாவியில எடுங்களன் என்று பகிடியாகச் சொன்னேன். வாவியின் படங்களைத் தொலைபேசியில் காட்டினேன். கண்டல் மரம், தோணி, தென்னை, விடியப்புறப் பனிப்புகார். மனிதன் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அலுவலக அம்மாவிடம் கேட்டோம். சிறிலங்காவா, ஓ, யானை, கடற்கரை, தேயிலை, அருமையான இடம், காப்புறுதி பிரச்சினை இல்லை என்றா. ஒரு காலத்தில் நாங்கள் வயலுக்குப் போய் வீடு திரும்பவே எவனும் காப்புறுதி தராத ஊர் அது. இப்போது இன்னொருவன் தன் ஊராகப் பாவனை பண்ணுவதற்குக் கூடப் பாதுகாப்பான இடமாகிவிட்டது. சிரிக்கிறதா, ஓங்காளிக்கிறதா?

நான் ஒபின்னாவையும் சீண்டினேன். "பொய்க் கொட்டைக்குக் கோபிச்சு வந்த ஆள், இப்ப பொய் ஏரியா?"

"தண்ணி நடிக்கலாம்," என்றார். "மன்றாட்டு நடிக்க ஒண்ணாது."

4

நாலு பேர் போனோம். ஒபின்னா, மணமகளாக வருகிற அமாகா, அமாகாவின் மாமன் பிடேலிஸ் ஐயா, நான். அமாகா ஆஸ்பத்திரித் தாதி, திங்கட்கிழமை வேலைக்கு நிற்க வேண்டும். பிடேலிஸ் ஐயா தபால் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வெடுத்தவர். படத்தில் மாப்பிள்ளையின் தகப்பன். மன்றாட்டுச் சொல்லத் தெரிந்தவரும் எங்களில் அவர்தான். மாப்பிள்ளையாக வருகிறவரின் பகுதியை லண்டனிலேயே எடுத்து முடித்திருந்தார்கள்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். ஈரத் துணியில் சுற்றிய கோலாக் கொட்டைகள். விதை, கொண்டுவர இயலாது என்றார் ஒரு அதிகாரி. நான் விளக்கினேன், ஒபின்னா விளக்கினார். இரண்டாவது அதிகாரி ஒன்றைக் கடித்துப் பார்த்து, முகத்தைக் கோணித் துப்பினார். "இதையா தின்னுறவங்க?" கொட்டையெல்லாம் வாளிக்குள் போனது. பிடேலிஸ் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாளியைப் பார்த்தபடி நின்றார்.

ஊரில், வாவியில் கமராவோடு தோணி விட அனுமதி வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னோடு இங்கிலிசில்தான் கதைத்தார். நான் தமிழில் சொல்லுவேன், அவர் இங்கிலிசில் கேட்பார். இருபத்தைந்து வருசம் இங்கிலிசுக்காரனிடம் இங்கிலிசு கதைத்துக் களைத்து ஊருக்கு வந்தால், ஊரில் இருக்கிறவர் எனக்கு இங்கிலிசு காட்டுகிறார். கடைசியில்தான் தமிழுக்கு இறங்கினார்.

"கதையில எங்கட கலாசாரத்துக்கு இழுக்கு ஒண்டும் வராதுதானே?"

"ஐயா, இது அவங்கட கலாசாரம்."

"அப்ப ஏன் எங்கட வாவி?"

"எங்கட சினிமாக்காரர் சுவிஸ் மலையில ஆடேக்க சுவிஸ்காரன் கேட்டவனா?"

கையெழுத்துப் போடுகிற மற்றவர் லீவு என்று எங்களை இரண்டு நாள் நடக்க வைத்துத்தான் அனுமதி தந்தார்கள். தோணி தந்தவர் ஒரு மீனவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆட்டாம இருக்கத் தெரியுமா அந்தப் புள்ளைக்கு? நீந்தத் தெரியாட்டி நான் பக்கத்தில வாறன்." அமாகாவைப் பற்றி ஊரில் கேட்கப்பட்ட முதல் மனிதக் கேள்வி அது.

5

இனி அக்கா வீடு. பின்வளவு வாவியில் போய் முடிகிற வீடு. மாப்பிள்ளை வீட்டுக் காட்சிக்கு அந்த வளவைத் தாங்க என்று நான் லண்டனில் இருந்தே கேட்டு, அக்காவும் ஓம் என்றிருந்தா. படக்காரர் வருகிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். எந்த ஊர்ப் படக்காரர் என்று அவ கேட்கவில்லை. வான் கதவு திறந்து மூன்று பேரும் இறங்க, அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னைக் குசினிக்குள் இழுத்தா.

"காப்பிலிகளக் கூட்டி வந்திருக்காய்?" கறுப்பரை இழிக்க எங்கட ஊரில் இருக்கிற சொல் அது.

"அக்கா, அவங்களுக்குக் கேட்கும்."

"கேட்டா விளங்கவா போகுது? சனிக்கிழமை தரணியப் பார்க்க மாப்பிள்ளை பகுதி வருது. என்ட வீட்டு முத்தத்தில இதுகள் நிண்டா ஆரு பொண்ணெடுப்பான்?"

என் அத்தான் வாசலில் நின்று வந்தவர்களோடு கைகொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வெல்லாவெளி வயல் வட்டையில் நாற்பது போகம் வெயில் குடித்த மனிதன். அவரையும் ஒபின்னாவையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒபின்னா ஒரு நிறம் வெளுப்பு. இதை அக்காவிடம் சொன்னேன். "அது வெயில் கறுப்பு," என்றா. கறுப்பில் எத்தனை சாதி வைத்திருக்கிறோம் பாருங்கள்.

தேத்தண்ணி வந்தது. எனக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவர்கள் மூன்று பேருக்கும், வயலுக்கு ஆட்கள் வந்தால் எடுக்கிற பிளாஸ்டிக் கோப்பை. ஒன்று சிவப்பு, இரண்டு நீலம். அவர்கள் பார்த்தார்கள், குடித்தார்கள், நன்றி சொன்னார்கள். என் மருமகள் தரணி, அக்காவின் ஒரே பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அவள் உள்ளே போய்த் தனக்கும் ஒரு நீலக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து அமாகாவுக்குப் பக்கத்தில் இருந்து குடித்தாள்.

பின்னேரம் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன். வேலி மூலையில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. தென்னோலைக்கு நடுவே சிவப்பும் நீலமும் உருகி ஒழுகின. நாலு கோப்பை. எது மகள் குடித்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லையாக்கும், நாலையும் போட்டிருந்தா.

6

தோணிக் காட்சி இரண்டும் நன்றாக வந்தன. வரவேற்புக் காட்சிதான் மிச்சம். சனிக்கிழமை அதை எடுத்தாக வேண்டும், ஞாயிறு விமானம். அது இல்லாவிட்டால் அந்தப் பெண் தண்ணியில் மிதந்து வந்து ஒரு வீட்டு வாசலில் நின்றுவிடுவாள், படமும் அங்கேயே நின்றுவிடும். நாலு வருச லீவு நாட்கள் அத்தனையும் அந்த ஒரு காட்சிக்காகத்தான். கோலாக் கொட்டையோ வாளியில் கிடக்கிறது.

"பாக்கு வைப்பம்," என்றேன் நான். "கமராவுக்கு எந்தக் கொட்டை எண்டு தெரியுமா?"

ஒபின்னா என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பெரிய கம்பனிக்காரன் எனக்குள் நிற்பது எனக்கே தெரிந்தது.

வழியைப் பிடேலிஸ் ஐயாதான் சொன்னார். கோலா இல்லாத வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு வைத்திருக்க மாட்டாராம். கோலா இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சமைக்காத கத்தரிக்காயைத் தட்டில் வைத்து நீட்டுவாராம். கோலாவின் இடத்தில் அது நிற்கும். அதன் மேல் மன்றாட்டுச் சொல்லலாம். நிலக்கடலையும் மிளகாயும் அரைத்துத் தொட்டுப் பச்சையாகக் கடிப்பார்களாம். அக்காவின் வேலியோரத்தில் முட்டை முட்டையாக வெள்ளைக் கத்தரிக்காய் காய்த்துக் கிடந்தது.

"ஆனா அத நாங்களே பிடுங்கி எடுக்கேலாது," என்றார் பிடேலிஸ் ஐயா. "இந்த வீட்டுக்காரர் தர வேணும். தகப்பனா நான் நடிப்பன். மன்றாட்டு எனக்கு உண்மையாத்தான் வரும். தராத வீட்டில அது வாயில வராது."

அத்தானிடம் போனேன். மனிதன் தலையைச் சொறிந்தார்.

"தர எனக்கு விருப்பம்தான் மச்சான். ஆனா வீடு என்டதில்லையே. அவட சீதன வீடு. நான் வந்து இருக்கிறவன்தானே?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கட பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கட்டினவன் அங்கே வந்து குடியிருப்பான், இந்த வீடும் நாளைக்குத் தரணிக்குத்தான் என்றேன். பிடேலிஸ் ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

"முப்பது வருசமா விருந்தாளியா இவர்? அப்ப இவருக்கு ஆர் கோலா குடுத்தது?"

அத்தானும் சிரித்தார். அக்கா குசினி யன்னலைச் சாத்தினா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் நான் அக்காவிடம் கெஞ்சினேன். ஒரு தட்டு, நாலு கத்தரிக்காய், ஒரு நிமிசம். "நாளைக்கு விடியவே அவங்க வெளிக்கிட வேணும்," என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

7

மாப்பிள்ளை பகுதி பின்னேரம் வருவதாக இருந்தது. வெளிக்கிட முதல் அமாகா இறங்கி வாசலுக்கு வருகிற துண்டையாவது எடுப்போம் என்று நாங்கள் நிற்க, காலையிலேயே வந்துவிட்டார்கள். பொடியன் வரவில்லை, தாயும் இரண்டு பெண்களும். வாசலால் அவர்கள் ஏற, பின்வளவில் தோணியில் இருந்து அமாகா இறங்குகிறாள். கழுத்தில் பவளம், இடுப்பில் சரிகைக் கரை போட்ட சிவப்புத் துணி.

"ஆரு கா இவங்க?" என்றா மாப்பிள்ளையின் தாய்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. பிறகு சொன்னா: "தம்பியிட்ட வேலைக்கு நிக்கிற ஆக்கள். இப்ப போயிடுவாங்க."

பஸ் ஓட்டுகிற எனக்கு மூன்று வேலையாட்கள்! நான் வாய் திறக்க முதல் அந்த அம்மா ஒபின்னாவின் கமராவைக் கண்டுவிட்டா.

"லண்டனில இருந்து வந்தவங்களா? படம் எடுக்கிற டைரக்டரா?"

ஓம் என்றேன். அந்த முகத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லண்டன் என்ற சொல்லைப் போல ஒரு வெள்ளைப்பூச்சு உலகத்தில் இல்லை. ஒரே கறுப்பு மனிதன், அதே இடத்தில், அசையாமல் நிற்கிறார். ஆனால் இப்போது அவர் வெளுத்துவிட்டார். அந்த அம்மா போய் அமாகாவின் துணியைத் தொட்டுப் பார்த்தா. "நல்ல பட்டு. எங்க எடுத்த?" அது மெட்ராசில் நெய்து போகிற துணி, தலைமுறையாகத் தங்கட பெண்கள் உடுக்கிறது என்று அமாகா சொன்னாள். "அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படம் பிடிக்கத் தொலைபேசியை எடுத்தா அந்த அம்மா.

அக்கா உள்ளே ஓடினா. சேலை மாற்றி, சாமியறை வெள்ளித்தட்டில் கத்தரிக்காய் அடுக்கி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தா. முகம் முழுக்கச் சிரிப்பு. தட்டைப் பிடேலிஸ் ஐயாவிடம் நீட்டினா. கண் மட்டும் மாப்பிள்ளையின் தாயிடம் இருந்தது.

பிடேலிஸ் ஐயா தட்டைத் தொடவில்லை. குனிந்து வணங்கினார். என்னிடம் மெல்லச் சொன்னார்:

"அக்காவுக்கு நன்றி சொல்லுங்க. ஆனா இந்தத் தட்டு எங்களுக்கு வந்ததில்ல. அந்தா நிக்கிற அம்மாவுக்கு வந்தது."

எப்படி மொழிபெயர்ப்பது? நான் வார்த்தை தேடிக்கொண்டு நிற்க, தரணிக்கு அவளுடைய பள்ளிக்கூட இங்கிலிசில் விளங்கிவிட்டது. அவள் வேலியோரம் போனாள். நாலு கத்தரிக்காய் பிடுங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். தான் நித்தம் சோறு தின்கிற பீங்கானை எடுத்து அதில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"தரணி, கீழ வை அத," என்றா அக்கா.

"வீடு எனக்குத்தானம்மா எழுதப் போறீங்க? அப்ப வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு நான் குடுக்கிறன்."

"இன்னும் எழுதேல்ல!"

"அப்ப எழுத வேணாம். இண்டைக்குக் குடுத்தாக் காணும்."

மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "வாயப் பார்," என்றது எல்லாருக்கும் கேட்டது.

தரணி பிடேலிஸ் ஐயாவுக்கு முன்னால் வந்து நின்று பீங்கானை நீட்டினாள். மனிதன் உடனே வாங்கவில்லை. அவர் ஊரில் இது ஆண்களின் காரியம். பெண் கையால் வருவதில்லை. அவரது தாடை அசைந்தது. ஒபின்னா கமராவை நிறுத்தவில்லை. நாலு வருசமும் அந்தப் பீங்கானில் கிடந்தன.

பிறகு அவர் இங்கிலிசில் தரணியிடமே சொன்னார்: "என் ஊரில் வீடு ஆணுக்கு. இந்த ஊரில் பெண்ணுக்கு. நான் நிற்பது இந்த ஊரில்." இரண்டு கையாலும் வாங்கினார்.

மன்றாட்டுத் தொடங்கியது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு வரி முடியவும் ஒபின்னாவும் அமாகாவும் "ஈசே" என்றார்கள். அப்படியே ஆகட்டும் என்ற மாதிரி. மூன்றாவது வரியில் தோணிக்கார மீனவர் தண்ணிக்குள் நின்றபடி "ஈசே" என்றார். நாலாவதில் அத்தான், முப்பது வருச விருந்தாளி, வீட்டுத் தூணில் சாய்ந்து நின்று சொன்னார். படத்தில் அந்தக் குரல் உண்டு. மற்றவர்களைவிட அரை வினாடி பிந்தி வரும்.

சம்பந்தம் சரிவரவில்லை. "தேத்தண்ணி ஆற முதல் போயிட்டாங்க மாமா," என்று தரணி பிறகு சொன்னாள். கவலையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. எந்தக் கோப்பையில் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

8

போன சனிக்கிழமை லண்டன் மண்டபத்துக்கு என் மகளும் வந்திருந்தாள். இங்கே பிறந்தவள், இருபது வயது. தமிழில் அவளுக்கு மிச்சம் இருப்பது சாப்பாட்டுப் பெயர்களும் "ஓம்"மும். தேவாரத்துக்கு வாய் திறக்காதவள், திரையில் பிடேலிஸ் ஐயா பீங்கானைத் தூக்க, சுற்றியிருந்த இக்போ மாமிமாரோடு சேர்ந்து "ஈசே" என்றாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கட சங்கம் இத்தனை வருசம் சேர்ந்து செய்ய ஏலாததை நாலு கத்தரிக்காய் செய்துவிட்டது.

சங்கச் செயலாளரும் வந்திருந்தார். எங்கட வாவி படத்தில் வருகிறதாம், அடுத்த விழாவில் ஒபின்னாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். "நம்மட ஆளத்தானே," என்றார். மண்டபத்து மணம் என்னாச்சு என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வேலை முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்டதும் அக்காவை அழைத்தேன். அவ கேள்வியை வைத்த இடத்திலேயே எடுத்தா.

"சொல்லு, நான் ஏன் வரேல்ல? வெள்ளித்தட்டோட நிண்டனே. அதயாவது போட்டிருக்கலாமே உன்ட ஆள்?"

"நடிச்ச வரவேற்ப அவர் எடுக்கிறேல்ல அக்கா."

"நான் நடிச்சனா?"

"முதல் நாள் தேத்தண்ணி எதில குடுத்தீங்க?"



"அதா? முத்தத்தில வைச்சுக் குடிக்கிற ஆக்கள், பீங்கான் உடைஞ்சிடுமெண்டுதான் தம்பி பிளாஸ்டிக்கில குடுத்தனான்."

"ஓம். மறுகா அத ஏன் அக்கா எரிச்சீங்க?"

போனை அவ வைக்கவில்லை. குசினியில் யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. தரணியாக இருக்கும். அது முடியும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.